உங்கள் பலம் எத்தனை கிலோ? எக்செல் சொல்லும்!

ஜிம்மில் "பெஞ்ச் பிரஸ் எவ்வளவு?" என்று கேட்டால், ஒரே ஒரு முறை மட்டும் தூக்க முடிகிற அதிகபட்ச எடையைக் கேட்கிறார்கள் என்று பொருள். ஒன் ரெப் மேக்ஸ் என்பது இதுதான். துணைக்கு ஆளின்றி இதைச் சோதித்தால் ராடு மார்பில் விழலாம். இதைக் கணக்கிட்டே அறிய, அமெரிக்கப் பயிற்சியாளர் பாய்ட் எப்லி 1985ல் ஒரு பார்முலா தந்தார்.

எக்செல்லில் ஏ1 செல்லில் தூக்கிய எடையையும், பி1ல் எத்தனை முறை என்பதையும் டைப் செய்யவும். சி1ல் =ஏ1*(1+பி1/30) என அமைத்து (ஏ, பி ஆங்கில எழுத்துகளில்) என்டர் தட்டவும். 60 கிலோவை 10 முறை தூக்கியவருக்கு 80 எனக் காட்டும்.

பி1ல் 1 கொடுத்துப் பாருங்கள். 62 என்று வரும்! ஒரு முறை தூக்கியது 60தானே? 10 முறைக்கு மேல் போனாலும் கணக்கு பிசகும். கிடைப்பது மதிப்பீடுதான். எனவே 80 என்று வந்ததும் ராடில் 80ஐ மாட்டிவிடாதீர்கள்!