கனடா கணவரிடம் போக தாலி மட்டும் போதாது! வாட்ஸ்-அப் பேச்சும் ஆதாரம்தான்

திருச்சி:
கனடா மாப்பிள்ளைக்கு கழுத்தை நீட்டிவிட்டு, விசா வராமல் தாய் வீட்டிலேயே காத்துக்கிடக்கும் பெண்கள் ஏராளம். ஊரே கூடி நடந்த கல்யாணமாக இருந்தாலும், அது உண்மையான திருமணம்தான் என்று காகிதத்தில் காட்டினால்தான் அந்நாட்டு குடியேற்றத்துறை ஏற்கும்.

முதல் வேலை, திருமணத்தை பதிவு செய்வது. தமிழக அரசின் 2009-ம் ஆண்டு சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். 'கோவில் ரசீதுதான் இருக்கே' என்று சும்மா இருந்தால் சிக்கல்தான்.

இனிஷியலும் காலை வாரும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகவும், திருமண சான்றிதழில் வெறும் இனிஷியலாகவும் இருந்தால் 'இருவரும் ஒருவர்தானா?' என்ற கேள்வி எழும். பதியும்போதே சரிபார்ப்பது நல்லது.

அடுத்தது, உறவுக்கான ஆதாரம். கல்யாண பத்திரிகை, கணவர் ஊருக்கு வந்துபோன விமான டிக்கெட், பணம் அனுப்பிய வங்கி ரசீது எல்லாம் கைகொடுக்கும். போட்டோ அதிகபட்சம் 20. எல்லாமே மணமேடை போட்டோவாக இல்லாமல் நிச்சயதார்த்தம், மறுவீடு, உறவினர்களுடன் இருப்பது என்று கலந்து வைக்கலாம். வாட்ஸ்-அப் உரையாடல், கடிதம் 10 பக்கம் வரை வைக்கலாம். எனவே செல்போனை மாற்றும்போது பழைய பேச்சை அழித்துவிடக் கூடாது. தமிழில் உள்ள காகிதங்களுக்கு ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பு கட்டாயம்.

ஆதாரம் குறைகிறதே என்று போலியாக எதையாவது சேர்த்தால் அவ்வளவுதான். மாட்டினால் 5 ஆண்டுகளுக்கு கனடா பக்கமே தலைவைக்க முடியாது.