ஒப்பும் உறழ்வும்

ஆங்கிலத்திற் பண்புச்சொற்கள் மூன்று படிகளில் நிற்பன என்பது நாம் பள்ளியிற் கற்றதொன்று. பெரியது, அதனினும் பெரியது, எல்லாவற்றுள்ளும் பெரியது என்னும் மூன்றனையும் பெரும்பாலும் சொல்லின் ஈற்றை மாற்றியே அம்மொழியார் காட்டுவர். தமிழிலோ ‘பெரிய’ என்பது எங்கும் ‘பெரிய’ என்றே நிற்கும். இதுகொண்டு நம் மொழிக்கு ஓர் உறுப்புக் குறைந்ததெனக் கருதும் மாணவரும் நம்மிடை உளர். அக்கருத்துப் பொருந்துமா என்பதனைச் சிறிது ஆராய்வோம்.

திராவிட மொழிகளில் அத்தகைய ஈறுகள் இல்லை என்பதைக் கால்டுவெல் ஐயர் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டினார். ஈறு இல்லையெனினும் வழி உண்டு. தொல்காப்பியர் ஐந்தாம் வேற்றுமையாகிய ‘இன்’ உருபுக்கு, நிறம், வடிவு, அளவு, சுவை முதலியவற்றால் ஒன்றனை மற்றொன்றனோடு பொருத்திக் கூறும் தொழிலைத் தந்துள்ளார். ஆயின் இங்கே ஒரு சிக்கல் எழுகின்றது. உரையாசிரியர் காட்டும் களாம்பழம் காக்கையைப் போலக் கரியதா, காக்கையைக் கடந்து கரியதா? ‘இன்’ உருபு இரண்டிற்கும் இடந்தரும். ஆதலின் உவமப்பொரு, உறழ்பொரு எனப் பொரு இருவகைப்படும் என்றனர். ஆங்கிலத்தார் ஈற்றைக் கண்டதும் அறிவதனை நாம் இடம்நோக்கி அறிய வேண்டியுள்ளது. இவ்வளவிற் குறையென ஒப்புதல் நேர்மையே. எனினும் உம்மை சேர்ந்தவுடன் ஐயம் அகலும். ‘குறுவையினும் சம்பா நெடுநாட் பயிர்’ என்றால், ஏறத்தாழ 110 நாளில் அறுவடையாகும் குறுவையையும், 150 நாளும் அதற்கு மேலும் வயலில் நிற்கும் சம்பாவையும் ஒன்றெனக் கொள்வார் நம் நாட்டில் யாருமிலர்.

பேச்சுவழக்கு இன்னும் சுவையுடையது. ‘விட’ என்பது விடுதலினின்றும், ‘காட்டிலும்’ என்பது காட்டுதலினின்றும், ‘பார்க்கிலும்’ என்பது பார்த்தலினின்றும் பிறந்தன. ஒன்றனை விட்டுவிடுகிறோம், அல்லது எதிரே வைத்துக் காட்டுகிறோம், பார்க்கிறோம், அதன் பின்னரே தீர்ப்புக் கூறுகிறோம். ஈற்றுக்குள் அடங்கிக் கிடக்கும் ஒப்பீட்டை நம்மவர் ஒரு செயலாகவே நிகழ்த்திக் காட்டுகின்றனர்.

இனி ஆங்கிலத்தாரின் பூசலைப் பார்ப்போம். இரண்டே பொருள்களைக் கூறுங்கால் மூன்றாம் படி ஆகாது என்பது அவர் விதி. முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகின்றது. அவ்விரண்டனுள் கொள்ளிடத்தை ‘மிக அகன்றது’ என்றால் ஆங்கில ஆசிரியர் சிவப்பு மை இடுவார். அவ்விதியை வகுத்தவரின் நாட்டாரோ, இருப்பன இரண்டே கால்களாக இருக்க, ‘எல்லாவற்றுள்ளும் நல்ல காலை’ முன்வைக்குமாறு பழமொழி கூறுகின்றனர்! ஷேக்ஸ்பியரும் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் மூன்றாம் படியின்மேல் மூன்றாம் படியை அடுக்கியுள்ளார். இவ்விதிகளுட் சில, வழக்கினின்று பிறவாமல் இலக்கணிகளால் வழக்கின்மேற் சுமத்தப்பட்டவை என்றே எமக்குத் தோன்றுகின்றது.

பொருளையே தொடும் பூசல் ஒன்றும் உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர் கிரேக்கத்தினின்று பெயர்த்த புதிய ஏற்பாடு அங்கேயே 1714, 1715 ஆம் ஆண்டுகளில் அச்சேறியது. மத்தேயு பதின்மூன்றாம் அதிகாரத்தில் வரும் கடுகுவிதைக்குக் கிரேக்க மூலம் இரண்டாம் படிச் சொல்லையே வழங்குகின்றது. பழைய ஆங்கிலப் பெயர்ப்போ மூன்றாம் படியைக் கொண்டது. எல்லா விதைகளையும் கடந்து சிறியது என்பதா? கடுகும் ஒரு விதையன்றோ; அது தன்னினும் சிறியதாதல் எங்ஙனம்? இதற்கஞ்சியே ஆங்கிலத்தார் இரண்டாம் படியில் ‘மற்ற’ என்னும் சொல்லை வற்புறுத்துவர். தமிழில் இவ்வேறுபாட்டைத் தெளிவுறக் காட்டலாம். ‘எல்லா விதைகளுள்ளும்’ எனின் கடுகு அக்கூட்டத்தின் உள்ளே நிற்கும். ‘ஏனை விதைகளினும்’ எனின் கடுகு வெளியே நின்று ஒப்பிடப்படும். ஈற்றால் அன்றி உருபால் இந்நுட்பம் கிடைக்கின்றது. ஆயினும் இந்நாளில் மாணவர் பலர், ‘மிக’ என்னும் சொல்லொன்றையே மூன்றாம் படியாக எங்கும் ஒட்டி, உள்ளும் புறமும் தோன்றாதபடி எழுதுகின்றனர்.

படி ஏதுமின்றி முதன்மை கூறும் வழக்கும் நம்மிடம் உண்டு. 1010இல் முற்றுப்பெற்று, ஏறத்தாழ 216 அடி உயர்ந்த விமானத்தோடு நிற்கும் இராசராசன் பணியைத் தஞ்சையார் ‘பெரிய கோயில்’ என்றே அழைப்பர். ‘மிக’ என்பதனை யாரும் சேர்ப்பதில்லை. வைணவர்க்குப் பெரிய கோயில் திருவரங்கமே. சைவரோ தில்லையைப் ‘பெரிய’ என்னும் அடையும் இன்றிக் ‘கோயில்’ என்று மட்டும் வழங்குவர்.