கோட்லா ஜின்களுக்கு வியாழன்தோறும் மனு

டில்லி கேட்டுக்கும் ஐ.டி.ஓ.வுக்கும் நடுவே பத்திரிகை அலுவலகங்கள் வரிசையாக நிற்கும் சாலை நம்மவர்களுக்குப் பழக்கமானதுதான். அவற்றின் பின்புறம், கிரிக்கெட் மைதானத்தை ஒட்டி, ஓர் இடிந்த கோட்டை இருக்கிறது. கோட்லா என்றதுமே 1999 பிப்ரவரியில் கும்ப்ளே ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டுகளையும் சாய்த்த மைதானம் நினைவுக்கு வரும். பக்கத்துக் கோட்டைக்குள் போனவர் குறைவு.

வியாழக்கிழமை மாலை அங்கே போனால் கூட்டம் நெரிகிறது. இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர்கள் என்று எல்லாரும் வருகிறார்கள். மசூதிக்கு அடியிலுள்ள இருட்டறைகளின் சுவர்கள் ஊதுபத்தி, விளக்குப் புகையால் கரியாகியிருக்கின்றன. வந்தவர்கள் கையில் தேங்காய் பழத் தட்டு இல்லை, காகிதம் இருக்கிறது. மகளுக்கு வரன் அமையவில்லை, கோர்ட்டில் கேஸ் இழுக்கிறது, பையனுக்கு வேலை இல்லை, வயிற்றுவலி தீரவில்லை என்று தத்தம் குறையை எழுதி மாடங்களில் வைக்கிறார்கள், கம்பிகளில் கட்டுகிறார்கள். மனு ஜின்களுக்கு!

குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பவர்களை இந்த மனுக்களின் வடிவம் வியக்க வைக்கும். பெயர், முழு விலாசம், சிலவற்றில் பாஸ்போர்ட் அளவு போட்டோவும் உண்டு. ஒரே மனுவை ஜெராக்ஸ் எடுத்து அறைக்கு ஒன்றாக வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அலுவலகத்தில் மேலதிகாரிக்கு ஒன்று, யூனியனுக்கு ஒன்று என்று நகல் அனுப்புவதில்லையா, அதே கதைதான். ஒரு மேஜையில் தூங்கினாலும் இன்னொரு மேஜையில் அசையும் அல்லவா? ஜின்களில் பெரியவர் கோட்டை உச்சியிலுள்ள கல்தூணில் வசிப்பதாக நம்பிக்கை. 'லாட் வாலே பாபா' என்று அவருக்குப் பெயர். தூண் பாபா எனலாம்.

ஜின் என்றால் நமக்கு 1967-ல் வந்த 'பட்டணத்தில் பூதம்' படத்து ஜீபூம்பாதான். ஜாடியைத் திறந்தால் வரும், சொன்ன வேலையைச் செய்யும். இஸ்லாமிய நம்பிக்கையில் ஜின் அப்படி வேலையாள் அல்ல. மனிதன் மண்ணிலிருந்து படைக்கப்பட்டதுபோல் ஜின் புகையற்ற நெருப்பிலிருந்து படைக்கப்பட்டது. அவற்றிலும் நல்லவை, கெட்டவை உண்டு. குர்ஆனின் 72-ஆம் அத்தியாயத்துக்கே ஜின் என்றுதான் பெயர். கோட்லாவில் அவர்கள் அதிகாரிகள் ஸ்தானத்தில் இருக்கிறார்கள்.

கோட்டையைக் கட்டியவர் பெரோஸ்ஷா துக்ளக். 1354-ல் அவர் எழுப்பிய பெரோஸாபாத் நகரின் மிச்சம் இது. கோட்டை பழசே தவிர, மனுப் போடும் வழக்கம் அத்தனை பழசல்ல. இதை ஆராய்ந்து 2017-ல் ஆங்கிலத்தில் நூல் எழுதிய ஆனந்த் விவேக் தனேஜா, எமர்ஜென்சி முடிந்த 1977-ஐ ஒட்டித்தான் இங்கே கூட்டம் கூடத் தொடங்கியதாகச் சொல்கிறார். 1976-ல் வீடுகள் இடிக்கப்பட்டு, துப்பாக்கிச் சூடும் நடந்த துர்க்மான் கேட் இங்கிருந்து நடந்து போகும் தூரம்தான். அரசு அலுவலகத்தில் மனு செல்லாத காலத்துக்குப் பின் ஜின்னிடம் மனுப் போட ஆரம்பித்தார்கள் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

வடக்கத்தியாரின் பைத்தியக்காரத்தனம் என்று நாம் சிரித்துவிட முடியாது. விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். குறையைத் தாளில் எழுதிச் சுவாமியிடம் வைத்து, முனியப்பர் சந்நிதி முன்னுள்ள வேலில் கட்டுகிறார்கள். 'பிராது கட்டுவது' என்று பெயர். தொண்ணூறு நாளில் முடிவு தெரியும் என்பது நம்பிக்கை; காரியம் முடிந்தால் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். பைலை மூடுகிற ஒழுங்கு அங்கேயும் இருக்கிறது.

வெளிநாடுகளிலும் இதே கதைதான். ஐஸ்லாந்தில் குட்டித் தேவதைகள் வாழ்வதாகச் சிலர் நம்பிய பாறையை உடைக்காமல், 2015-ல் பெயர்த்து வேறிடத்தில் வைத்துவிட்டுச் சாலை போட்டார்கள். மலேசியாவில் 1970-களில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் மைக்ராஸ்கோப்பைப் பார்த்து வேலை செய்த பெண்கள், அதற்குள் பேயைக் கண்டு அலறிக் கூட்டமாக மயங்கி விழுந்தார்கள். நிர்வாகம் மந்திரவாதியை அழைத்துப் பலி கொடுத்தது. வேலை நேரத்தைக் குறைப்பதைவிட அது மலிவு போலும்.

மனு எழுதுவதால் யாருக்கும் கெடுதல் இல்லை. தாளில் கட்டுப்படாமல் பயம் தெருவில் இறங்கும்போதுதான் ஆபத்து.

2001 மே மாதம் கிழக்கு டில்லியில் குடியிருந்த தமிழர்களுக்கு அது மறந்திருக்காது. மின்வெட்டு, வெக்கை, ஜனங்கள் மொட்டை மாடியில் படுத்திருந்தார்கள். காஜியாபாத் பக்கமிருந்து 'காலா பந்தர்' என்ற குரங்கு மனிதன் வந்து பிறாண்டுகிறான் என்று செய்தி பரவியது. நாலடி உயரம் என்றார் ஒருவர். ஹெல்மெட், இரும்பு நகம் என்றார் வேறொருவர். மார்பில் பொத்தான் இருக்கிறது, அமுக்கினால் மறைந்துவிடுவான் என்றும் சொன்னார்கள். போலீஸ் படம் வரைந்து வெளியிட்டு, 50,000 ரூபாய் பரிசும் அறிவித்தது. நள்ளிரவில் யாரோ கத்த, மாடியிலிருந்து குதித்தும் படியில் உருண்டும் உயிரிழந்தவர்கள் உண்டு. அவர்களில் ஒரு கர்ப்பிணியும் இருந்தார். குள்ளமாயிருந்த சாமியார் ஒருவரைக் குரங்கு மனிதன் என்று நினைத்துக் கூட்டம் அடித்தது. பிறகு மருத்துவர்களும் தடய அறிவியலாரும் காயங்களைச் சோதித்தார்கள். எலிக்கடி, விழுந்த காயம், தாமே ஏற்படுத்திக்கொண்ட கீறல். குரங்கு மனிதன் எவனும் இல்லை.

2017-ல் மறுபடியும் இதே கூத்து. தூங்குகிற பெண்களின் பின்னலைப் பேய் வெட்டுகிறது என்று டில்லி, ஹரியானா, உத்தரப் பிரதேசம் முழுதும் பீதி கிளம்பியது. ஆக்ரா அருகே ஒரு கிராமத்தில் வயதான பெண் ஒருவரைச் சூனியக்காரி என்று அடித்தே கொன்றுவிட்டார்கள்.

நம் பக்கத்துக் கணக்கும் இருக்கிறது. குரங்கு மனிதன் கிளம்பிய அதே 2001-ல், ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. பேய் பிடித்ததாகக் கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர்.

வீட்டில் ஒருவர் தனியாகப் பேசுகிறார், தூங்க மறுக்கிறார் என்றால் ஊருக்கு ரயிலேற்றிக் கோடாங்கியிடம் விடுகிற குடும்பங்கள் டில்லித் தமிழரிடையிலும் உண்டு. ஷாதரா பக்கம் தில்ஷாத் கார்டனில் இப்ஹாஸ் என்ற அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. ஹிந்தி வராதவர்கள் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய சேவை அது. கோட்லாவில் மனு வைத்துவிட்டு இந்த எண்ணுக்கும் போன் செய்தால் ஜின் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

தூண் பாபா வசிக்கும் தூண் உள்ளூர்க் கல் அல்ல. துக்ளக் அதை இன்றைய ஹரியானாவிலுள்ள தோப்ரா கிராமத்திலிருந்து பெயர்த்து வந்தார். இலவம் பஞ்சு மெத்தையில் சாய்த்து, 42 சக்கர வண்டியில் ஏற்றி, சக்கரத்துக்கு 200 பேர் கயிறு பிடித்து இழுத்து, யமுனையில் படகு கட்டி மிதக்கவிட்டுக் கொண்டுவந்ததாக அக்காலத்து வரலாற்றாசிரியர் அபீப் எழுதியிருக்கிறார். அதிலிருந்த எழுத்தைப் படிக்க சுல்தான் பண்டிதர்களை அழைத்தார், ஒருவருக்கும் புரியவில்லை. 1837-ல்தான் ஜேம்ஸ் பிரின்ஸெப் படித்தார். அவை அசோகர் ஆணைகள். அவற்றுள் ஒன்று ஜில்லா அதிகாரிகளுக்கு எழுதியது: விசாரணையிலும் தண்டனையிலும் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும், மரண தண்டனை பெற்றவர்களுக்கும் மூன்று நாள் அவகாசம் தர வேண்டும் என்கிறது அது. மனுக்களைச் சுருட்டிக் கட்டும் கம்பி வேலி அந்தத் தூணைச் சுற்றித்தான் போடப்பட்டிருக்கிறது.