தூங்கும் விதைநெல்லை எழுப்புவது எப்படி?

குறுவையில் அறுத்த நெல்லிலேயே ஒரு பங்கைக் காயவைத்துத் தாளடிக்கு விதையாக எடுப்பது காவிரி டெல்டாவில் உள்ள வழக்கம். நாற்றங்காலில் அது சரிவர முளைக்காவிட்டால், ‘விதை செத்துவிட்டது’ என்று வேறு விதை தேடி அலைகிறோம். பணமும் போகிறது, பருவமும் தவறுகிறது. பல சமயம் அந்த விதை சாகவில்லை; உறக்கத்தில் இருக்கிறது.

உறக்கம் ஏன்?

புதிதாக அறுத்த நெல்லின் உமியில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. உமி பிராணவாயுவையும் எளிதில் உள்ளே விடுவதில்லை. அறுவடை நேரத்தில் மழை பெய்து பயிர் சாய்ந்தாலும் கதிரிலேயே நெல் முளைத்துவிடாமல் காப்பது இந்த உறக்கமே. இரகத்திற்கேற்ப இது சில நாள் முதல் இரண்டு மாதம் வரை நீடித்து, பின் தானே நீங்கும்.

கண்டறியும் முறை

விதைப்பதற்குப் பத்து நாள் முன்பே 100 விதைகளை எண்ணி, ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி வையுங்கள். காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். ஏழாம் நாள் 80 விதைக்குக் குறையாமல் முளைத்திருக்க வேண்டும். முளைக்காதவற்றை விரலால் நசுக்கிப் பாருங்கள். கூழாகிப் பூசணம் பிடித்திருந்தால் அது செத்த விதை. கெட்டியாக இருந்தால் உறங்கும் விதை. உமியை மெதுவாக நீக்கி வைத்தால் இது முளைத்துவிடும்.

எழுப்பும் முறை

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் வீதம் பொட்டாசியம் நைட்ரேட்டைக் கரைக்க வேண்டும். 30 கிலோ விதைக்கு 30 லிட்டர் தண்ணீரும் 150 கிராம் உப்பும் தேவை. விதையை இதில் 16 மணி நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, வடித்து, வழக்கம்போல் சாக்கில் கட்டி 24 மணி நேரம் முளைகட்டி விதைக்கலாம். சொட்டுநீர் உரம் விற்கும் கடைகளில் இந்த உப்பு 13-0-45 என்ற பெயரில் கிடைக்கும். வயலுக்கு இடும் சாதாரண பொட்டாஷ் இதற்கு உதவாது.

முதலில் ஒரு பிடி விதையில் செய்து பார்த்து, பலன் தெரிந்தபின் முழு விதைக்கும் செய்வது நல்லது. ஊறவைத்த விதையில் மீதம் இருந்தால் கோழிக்கும் மாட்டிற்கும் போடக் கூடாது.

செத்த விதையை எந்த மருந்தும் எழுப்பாது. ஆகவே சோதனை முதலில், நேர்த்தி பிறகு.