மாத்திரை சாப்பிடுபவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

"ராத்திரி மாத்திரை போட்டா பேசாம தூங்கிடறான் டாக்டர், இப்ப எந்தத் தொந்தரவும் இல்ல." மனநலப் புறநோயாளிப் பிரிவுகளில் பெற்றோர் நிம்மதியோடு சொல்லும் வார்த்தை இது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மகனிடம் கேட்டால் வேறு கதை வரும். காலையில் பத்து மணி வரை கண்ணைத் திறக்க முடிவதில்லை, எழுந்து நின்றால் கிறுகிறுக்கிறது, நாள் முழுக்கத் தலை பாரம், போன வேலைக்கும் இப்போது போவதில்லை என்பான். பல நேரம் அந்தக் கேள்வி அவனிடம் கேட்கப்படுவதே இல்லை. மருந்துச் சீட்டில் பழைய அளவே மறுபடி எழுதப்படுகிறது.

ஓலான்சபின், குவெட்டியபின், குளோசபின் ஆகிய மூன்றும் மனச்சிதைவுக்கும், முதல் இரண்டும் இருதுருவ மனநோய்க்கும் பரவலாகக் கொடுக்கப்படும் மருந்துகள். இவை பலரைக் காப்பாற்றியிருக்கின்றன, வேலைக்கும் குடும்பத்துக்கும் திருப்பி அனுப்பியிருக்கின்றன. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மூன்றுமே நன்றாகத் தூக்கத்தை வரவழைக்கும். மூளையில் விழிப்பைத் தாங்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளின் வேலையை இவை தடுக்கின்றன. சளி மாத்திரை சாப்பிட்டால் தூக்கம் வருவதும் இதே காரணத்தால்தான். நோயின் குரல்களும் பயங்களும் அடங்குவது வேறு வழியில், சில வாரங்களில் மெல்ல நடக்கும். ஆகவே முதல் வாரத்திலேயே பிள்ளை அடித்துப் போட்டதுபோல் தூங்குவதை வைத்து நோய் குணமாகிறது என்று முடிவு கட்ட வேண்டாம்.

அசதிக்கு வழி இருக்கிறது. குவெட்டியபின் ஏறத்தாழ 7 மணி நேரத்தில் உடலில் பாதியாகக் குறையும். ஓலான்சபினுக்கு ஏறத்தாழ 30 மணி நேரம் ஆகும். இரவு பதினொன்றரைக்குச் சாப்பிட்ட மாத்திரை மறுநாள் முற்பகலையும் விழுங்குவது அதனால்தான். எட்டு மணிக்கே கொடுக்கலாமா, அளவைக் குறைக்கலாமா, பகல் மாத்திரையையும் சேர்த்து இரவுக்கே மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். "தூக்கம் வருது" என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு எழுந்தார், பகலில் எவ்வளவு நேரம் படுத்தார் என்று ஒரு வாரம் குறித்துக் கொண்டு போய்க் காட்டுங்கள். மாத்திரை தொடங்கிய நாட்களிலும் அளவைக் கூட்டிய நாட்களிலும் பைக், லாரி, அறுவை இயந்திரம் எதையும் தொட வேண்டாம். மது கூடவே கூடாது. மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம்.

இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து கீழே விழுந்தவர்கள் பலர். இந்த மருந்துகளால், படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது ரத்த அழுத்தம் இறங்கிவிடுகிறது. கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பிறகு எழ வேண்டும். கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது எடைதான். ஓலான்சபினும் குளோசபினும் பசியைக் கிளப்பிவிடும். சாப்பிட்டுக் கை கழுவிய அரை மணி நேரத்தில் மறுபடி சோறு கேட்பவரை "மாத்திரை போட்டுத் தூங்கி எழுந்து தின்கிறான்" என்று ஏசும் வீடுகள் உண்டு. அது அவருடைய பேராசை இல்லை, மருந்தின் வேலை. எடையோடு சர்க்கரையும் கொழுப்பும் ஏறும். அமெரிக்காவின் நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவர் சங்கமும் 2004-இல் சேர்ந்து வகுத்த நெறி இதற்கு நல்ல வழிகாட்டி. தொடங்கும் முன் எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்க்க வேண்டும். எடையை 4, 8, 12-ஆம் வாரங்களில் பார்க்க வேண்டும். சர்க்கரையையும் கொழுப்பையும் 12-ஆம் வாரம் மறுபடி பார்க்க வேண்டும். எடை 5 சதவீதம் கூடினாலே, அதாவது 60 கிலோ இருந்தவர் 63 ஆனாலே, மருந்தை மாற்றலாமா என்று யோசிக்கச் சொல்கிறது அந்த நெறி. நம் ஊரில் 20 கிலோ ஏறிய பிறகும் எடைக் கருவியில் ஏற்றிப் பார்க்கப்படாத நோயாளிகள் இருக்கிறார்கள். சர்க்கரை நோய் இவ்வளவு பெருகிக் கிடக்கும் தமிழ்நாட்டில் இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கு வரும்போது இவரையும் உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

குளோசபின் தனிக் கவனம் கேட்கும் மருந்து. வெள்ளை அணுக்கள் திடீரெனக் குறைந்து 1975-இல் ஃபின்லாந்தில் சிலர் இறந்த பிறகு பல நாடுகளில் இது ஒதுக்கப்பட்டது. வேறு எந்த மருந்துக்கும் அடங்காத மனச்சிதைவுக்கு இதுவே கேட்கிறது என்று தெரிந்ததால், ரத்தப் பரிசோதனைக் கட்டுப்பாட்டோடு திரும்பி வந்தது. தொடக்க மாதங்களில் வாரந்தோறும் பரிசோதனை உண்டு. நடுவில் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். மலச்சிக்கலையும் இந்த மருந்தில் அலட்சியம் செய்யக் கூடாது, குடலே அசைவற்றுப் போய் உயிர் போனதுண்டு. இரண்டு நாள் மாத்திரை விட்டுப்போனால் பழைய அளவில் நீங்களே தொடங்க வேண்டாம், மருத்துவர் சிறிய அளவிலிருந்து மறுபடி ஏற்றுவார். இன்னொன்று, பீடி சிகரெட்டை நிறுத்துவது நல்லதுதான். ஆனால் நிறுத்தினால் ஓலான்சபினும் குளோசபினும் ரத்தத்தில் கூடும். நிறுத்தப் போவதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கடும் காய்ச்சலோடு உடல் மரம்போல் விறைத்து, வியர்த்து, பேச்சு குழறினால் காத்திருக்க வேண்டாம். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். இந்த வகை மருந்துகளால் அபூர்வமாக வரும் உயிராபத்து அது. 'இருப்புக் கொள்ளவில்லை' என்று காலை மாற்றி மாற்றி நடப்பதும் மருந்தின் விளைவாக இருக்கலாம். நோய் முற்றிவிட்டது என்று நினைத்து அளவைக் கூட்டினால் அவஸ்தை இரட்டிப்பாகும். நாக்கோ உதடோ தானாக அசையத் தொடங்கினாலும் உடனே சொல்ல வேண்டும்.

தூக்கம் வரவில்லை என்பதற்காக மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று குவெட்டியபின் வாங்கிச் சாப்பிடுவோருக்கும் ஒரு வார்த்தை. இது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. மறதி நோயுள்ள பெரியவரை இரவில் அடக்கி வைக்க இதைக் கொடுப்பது இன்னும் ஆபத்து. அப்படிப்பட்ட முதியோரிடம் நடந்த ஆய்வுகளில் 10 வார அளவில் இந்த வகை மருந்துகளை எடுத்தவர்களில் 4.5 சதவீதமும் எடுக்காதவர்களில் 2.6 சதவீதமும் இறந்தார்கள் என்று 2005-இல் அமெரிக்க மருந்து ஆணையம் எச்சரித்தது.

நோயாளிக்குத் தெரியாமல் மாத்திரையைக் காபியிலோ ரசத்திலோ நைசாகக் கலந்து கொடுக்கும் பழக்கமும் உண்டு. அந்தக் குடும்பத்தின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் எவ்வளவு குடித்தார் என்பது தெரியாது, அன்று மது அருந்தினாரா என்பதும் தெரியாது, ஏன் தலை சுற்றுகிறது என்பது அவருக்கே தெரியாது. ஒரு நாள் விஷயம் வெளிவந்தால் அதன்பின் அந்த வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். மனநல மருத்துவரை நேரில் பார்த்து வேறு வழி கேளுங்கள்.

2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நோயாளியின் பக்கம் நிற்கிறது. என்ன நோய், என்ன சிகிச்சை, தெரிந்த பக்கவிளைவுகள் என்னென்ன என்பதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது 22-ஆம் பிரிவு. தன் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையும் அவருக்கு உண்டு. முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கலாம், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். சேவையில் குறையிருந்தால் மருத்துவமனைப் பொறுப்பாளரிடமும் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் புகார் செய்யலாம். இலவச வழக்கறிஞர் உதவிக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, எண் 15100. பக்கவிளைவை நோயாளியோ குடும்பமோ நேரடியாகவே அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம், எண் 1800-180-3024. அதற்கான படிவம் தமிழிலும் உண்டு.

இதையெல்லாம் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் தூக்கமின்மையும் குமட்டலும் வரும், நோய் முன்பைவிட மூர்க்கமாகத் திரும்பலாம். குறைப்பதானாலும் மாற்றுவதானாலும் மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான். அடுத்த முறை போகும்போது எடை பார்க்கச் சொல்லுங்கள், பேச்சை முதலில் மாத்திரை சாப்பிடுபவரே தொடங்கட்டும். அதுவரை காத்திருக்க முடியாத சந்தேகமிருந்தால் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அந்த அரசு மனநல உதவி எண் இலவசம், 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசுவார்கள்.