‘இங்கே கிளிக் செய்யவும்’: அன்றும் இன்றும்

1991இல் ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து டிம் பெர்னர்ஸ்-லீ வெளியிட்ட முதல் வலைப்பக்கத்தில் படம் கிடையாது, அலங்காரம் கிடையாது. இணைப்புகள் மட்டும் நிறைய. ‘வரலாறு’, ‘மென்பொருள்’, ‘எப்படி உதவலாம்?’ என்று ஒவ்வொன்றும், போய்ச் சேரும் இடத்தின் பெயரையே தாங்கியிருந்தது. அன்றைய எழுத்துவழி உலாவியில் மவுஸுக்கு வேலையே இல்லை. இணைப்பின் பக்கத்திலிருந்த எண்ணைத் தட்டினால் போதும்.

1993இல் மொசைக் உலாவி வந்தபின் இணையத்துக்குக் கூட்டம் சேர்ந்தது. புதிதாக வந்தவர்களுக்கு வழிகாட்ட ‘இங்கே கிளிக் செய்யவும்’ முளைத்தது. அது வேண்டாம் என்று பெர்னர்ஸ்-லீயே தம் நடைக் கையேட்டில் எழுதினார். யார் கேட்டார்கள்? பிரவுசிங் சென்டர் காலத்துத் தமிழ்த் தளங்களும் அதையே பிடித்துக்கொண்டன. தேர்வு முடிவுக்கு இங்கே, ஹால் டிக்கெட்டுக்கு இங்கே, விண்ணப்பத்துக்கும் இங்கே!

இன்று மவுஸைத் தொட்டே பார்க்காதவர்கள் போனில் இணையம் பார்க்கிறார்கள். அந்த வாசகம் மட்டும் அசையவில்லை. ‘மேலும் படிக்க’ என்றொரு தம்பியும் அதற்குப் பிறந்துவிட்டான்.

இதில் அதிகம் அல்லாடுபவர்கள், பக்கத்தைக் காதால் படிப்பவர்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற நிரலாளர் மைக்கேல் கர்ரன் 2006இல் தொடங்கிய என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் தமிழிலும் வாசிக்கும். இன்சர்ட், எஃப்7 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பக்கத்திலுள்ள இணைப்புகளை மட்டும் பட்டியலாகத் தரும். கண்ணுள்ளவர் பக்கத்தை மேலோட்டமாகப் பார்ப்பதுபோல, வேண்டியதைச் சட்டென்று பிடிக்கத்தான் இந்த வசதி. வேலைவாய்ப்பு அறிவிப்புப் பக்கம் ஒன்றில் அதை அழுத்திப் பாருங்கள்: ‘இங்கே கிளிக் செய்யவும், இங்கே கிளிக் செய்யவும், இங்கே கிளிக் செய்யவும்...’ எது பாடத்திட்டம், எது விண்ணப்பம்? ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

விதி இல்லாமல் இல்லை. எல்லோரும் வலைப்பக்கங்களைப் பயன்படுத்த ஏதுவாக 2008இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.0 என்ற வலை அணுகல் நெறிமுறை, இணைப்பின் நோக்கம் அதன் சொற்களிலிருந்தோ சூழலிலிருந்தோ புரிய வேண்டும் என்பதை அடிப்படை நிலையிலேயே வைத்தது. ‘சூழல்’ என்ற சலுகையில்தான் பலரும் தப்பித்துக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம்.

பக்கம் ஏற்றுபவர்களே, ‘விண்ணப்பப் படிவம் (பிடிஎஃப், 2 எம்பி)’ என்று எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. டேட்டாவை எண்ணிச் செலவழிப்பவருக்கும் அது உதவும். அடுத்த அறிவிப்பை ஏற்றும் முன், இணைப்புகளை மட்டும் தனியே ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.