பெட்டி யார் பொறுப்பு?

நான் படித்த பள்ளியில் கர்ணன் நாடகத்துக்காக அட்டையில் செய்து ஜிகினா ஒட்டிய கவசம் ஒன்று இருந்தது. கோடை விடுமுறையில் எலி தின்றுவிட்டது. மறு ஆண்டு கர்ணன் வெறும் பனியனோடு மேடையேறினான். “தானமாக் குடுத்தாச்சுன்னு வச்சுக்க” என்று வாத்தியார் சொல்லிவிட்டார். கதைப்படி அவர் சொன்னது சரிதான். ஆனால் எல்லா நாடகத்துக்கும் அப்படி ஒரு சாக்குக் கிடைத்துவிடாது.

2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கிய பிறகு நாடகம் ஆண்டுவிழாவோடு முடிகிற சங்கதியாக இல்லை. பள்ளியில் வென்றால் வட்டாரம், அங்கிருந்து மாவட்டம், பிறகு மாநிலம். தர்மபுரி மாவட்டத்து மொரப்பூர் ஒன்றியத்தின் உள்கிராமத்திலிருந்து வரும் பிள்ளைகள் வில்லையும் கதாயுதத்தையும் டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டுதான் வர வேண்டும். வட்டாரத்தில் ஆடிய பொருள் மாவட்டத்துக்கும் முழுசாகப் போய்ச் சேர வேண்டும். தெர்மாகோல் கிரீடம் இரண்டு பஸ் ஏறி இறங்கினால் பொடியாகிவிடும்.

“வைக்க இடம் இல்லை” என்பதுதான் ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை. இருக்கிற ஒரு பீரோவில் பழைய விடைத்தாள். மாடிப்படிக்கு அடியில் உடைந்த பெஞ்சு. குறை உண்மைதான். ஆனாலும் இடம் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் அதே மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்துக்கு ஆட வரும் கூத்து ஜமாவுக்கு அறையே கிடையாது. ஊர் ஊராகப் போகிற பெட்டிதான் அவர்களுக்குக் கிடங்கு.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது லேசுப்பட்ட சரக்கல்ல. கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் பளபளக்கும் காகிதமும் பதித்தவை. அவற்றுக்குக் கல்யாண முருங்கை மரத்தை எடுப்பதற்குக் காரணம் அதன் எடைக் குறைவு. விடிய விடியத் தலையில் சுமந்து ஆட வேண்டுமே! அரங்கத்துக்கு அவர்கள் கொண்டுவருவது ஒரு திரை. அதை இரண்டு பேர் கையில் பிடித்துக்கொள்வார்கள். உட்கார ஒரு பெஞ்சு ஊரில் கிடைத்துவிடும். காடு, அரண்மனை, போர்க்களம் எல்லாம் பாட்டிலேயே வந்துவிடும். பள்ளிகள் இங்கிருந்துதான் தொடங்கலாம் என்பேன். சீன் வரைந்த ஆறடி அட்டையைச் செய்யாமல் விட்டாலே பாதி இடப் பிரச்சினை தீர்ந்தது.

கூத்தையும் பள்ளிப் படிப்பையும் சேர்த்து நடத்திக் காட்டிய இடம் ஒன்று உண்டு. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலம் 2002 முதல் 2020 வரை இயங்கியது. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கூத்தை அங்கே பெண் பிள்ளைகளும் கற்றார்கள். அந்த மர அணிகள் பூண்ட கட்டை வேஷத்தைத் தனி ஆளாகக் கட்டிக்கொள்ள முடியாது. ஒருவர் நிற்க, இன்னொருவர் கயிறு இழுத்துக் கட்ட வேண்டும். எந்த முடிச்சு எங்கே என்று கட்டிவிடுகிறவருக்கும் தெரிந்திருந்தால்தான் வேலை நடக்கும்.

நம் பள்ளிக்கு என்ன வேண்டும்? இரண்டு டிரங்குப் பெட்டி போதும். கரையான் ஏறாமல் செங்கல் மேல், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். கடைசிக் காட்சி உடை அடியில், முதல் காட்சி உடை மேலே. வேர்வை பட்ட துணியை அன்று இரவே உள்ளே திணிக்காமல் கொடியில் உலர்த்திவிட்டு மடித்தால் பூஞ்சணம் பிடிக்காது. ஊக்கு, நூல், ஒட்டு மீசை எல்லாவற்றுக்கும் பழைய பிஸ்கட் டப்பா. அந்துருண்டை போட்டால் துணிப் பொட்டலமாகக் கட்டிப் போட வேண்டும். சின்னப் பிள்ளை மிட்டாய் என்று எடுத்துவிடும்.

ஒப்பனைச் சாமான்தான் கூடுதல் கவனம் கேட்பது. ‘அரிதாரம் பூசுவது’ என்று இன்றும் சொல்கிறோம். ஆனால் அரிதாரம் என்ற மஞ்சள் கனிமம் ஆர்சனிக் கலந்த நஞ்சு. பெயர் மட்டும் மிஞ்சினால் போதும். பிள்ளைகளின் முகத்துக்குத் தோலுக்கென்று விற்கும் வண்ணம், கலைக்கத் தேங்காய் எண்ணெய், ஆளுக்கொரு துணி. உதட்டுச் சாயக் குச்சி ஒன்றை எட்டுப் பேர் பூசிக்கொள்ளக் கூடாது.

ஒத்திகைக்குப் புளியமரத்தடி போதும். வட்டார மேடையின் நீள அகலத்தைக் காலடியால் அளந்துகொண்டு வந்து, கோலமாவில் கோடு போட்டுவிட்டால் பிள்ளைகள் எல்லை தாண்டாமல் பழகிக்கொள்வார்கள்.

சாவி யாரிடம் என்பதுதான் மிச்சம். ஆசிரியர் மாற்றலாகிப் போவார். வேஷம் கிடைக்காமல் முகம் வாடி நிற்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எல்லா ஆண்டும் இருக்கும். அதன் கையில் சாவியையும் நாற்பது பக்க நோட்டையும் கொடுக்கலாம். நாடகம் முடிந்ததும் எண்ணிப் பார்த்து எழுதிவிட்டுத்தான் பூட்ட வேண்டும்: வில் 2, அம்பு 7, கிரீடம் 3, மீசை 4. மீசை மூன்றுதான் இருந்தால் வாசலில் நின்று எல்லோரையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். நாலாவது மீசை யார் முகத்திலாவது ஒட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியிருக்கும்.